அண்ணியின் வண்டி நின்ற இடங்கள்

1998 பிப்ரவரி 8, ஞாயிறு

தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடி காயவைத்துக்கொண்டிருந்தேன். கீழே எங்கள் மைசூர் மண்டி மொஹல்லா சந்துக்குள் ஒரு தேர்தல் ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னால் அரிசி மூட்டை லாரி, பின்னால் எதிர்க்கட்சி ஆட்டோ. இரண்டு ஒலிபெருக்கியும் ஒன்றின் முகத்தில் இன்னொன்று கத்தின. சொர்ணலதா அண்ணி இருந்திருந்தால் இந்நேரம் கீழே இறங்கி லாரிக்காரரை ரிவர்ஸ் எடுக்க வைத்திருப்பார்.

அண்ணி போய் மூன்று மாதம். யாராவது கேட்டால், “அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கா” என்கிறாள் அம்மா. கேட்பவர்களும் நம்புவது போலத் தலையாட்டுகிறார்கள்.

உதயகுமார் அண்ணன் கெட்டவன் இல்லை — என்று எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டேன். என் முதல் சம்பளத்துக்கு முன்பே எனக்குக் கைக்கடிகாரம் வாங்கித் தந்தவன். ஆனால் தினமும் காலையில் அண்ணியின் கைனெடிக் ஹோண்டாவில் கிலோமீட்டர் முள்ளைப் பார்ப்பான். சாயங்காலம் மறுபடி பார்ப்பான். அண்ணி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போய்த் திரும்ப இவ்வளவுதான் ஆகும் என்று அவனிடம் ஒரு கணக்கு. தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு நாள் நாலு கிலோமீட்டர் கூடியிருந்தது. அடித்தான். கூடத்தில், எங்கள் கண் முன்னால். மறுநாள் அண்ணி எப்போதும் போல வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்தார். எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தார். வண்டியைக் கிளப்பினார். வரவில்லை.

அந்த நாலு கிலோமீட்டர் எங்கே போனார் என்று அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று பார்த்துவிட்டேன்! நான் பஸ்ஸில், அண்ணி சிக்னலில். வண்டியின் முன்னால் ரத்த சாம்பிள் பெட்டி. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி முகம் இறுகி — அண்ணனும் பக்கத்தில் இருப்பானோ என்று தேடியிருப்பார் — அப்புறம் அந்த முழுச் சிரிப்பு. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். போய்விட்டார்.

மெலிந்திருக்கிறார். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அந்த முதுகு எப்போதும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

அண்ணன் இன்று சந்தோஷமாக வந்தான். செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைக் கூப்பிட்டான். இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த கம்ப்யூட்டர் தாளை எடுத்து விரித்தான். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தத் தாள்.

“ஏய் மாதேவி, வந்து பாரு. உங்க அண்ணி எங்கெல்லாம் சுத்தறாங்கன்னு.”

மேலே அண்ணியின் வண்டி நம்பர். கீழே வரிசையாகத் தேதி, மணி, இடம். பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாண்ட். தேவராஜ மார்க்கெட் ஸ்டாண்ட். கோர்ட் ஸ்டாண்ட். மறுபடி ஆஸ்பத்திரி.

ஹெஜ்ஜெ வாகன சேவை என்று ஒரு கம்பெனியாம்; ஹெஜ்ஜெ என்றால் கன்னடத்தில் காலடி. மைசூரில் பாதி டூவீலர் ஸ்டாண்டுகளை இப்போது அவர்கள்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் இருக்கிறது. வண்டியை விடும்போது சீட்டில் நம்பர் எழுதிக் கொடுக்கிறார்கள் இல்லையா, அந்தச் சீட்டின் அடிக்கட்டையெல்லாம் சாயங்காலம் ஆபீசுக்குப் போய் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. திருட்டு வண்டி கண்டுபிடிக்க இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டு வாங்குவார்களாம். அண்ணனுக்கு அவன் மருந்து கம்பெனி சிநேகிதன் யாரோ சொல்லியிருக்கிறான். போய் நம்பரைக் கொடுத்துப் பணம் கட்டியிருக்கிறான். அவ்வளவுதான்.

“நீ யாரு, என்னன்னு அவங்க கேக்கலையா?” என்றேன்.

“எதுக்குக் கேக்கணும்? என்ற பொண்டாட்டி வண்டி.”

அவன் விரல் தாளில் இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ் ஸ்டாண்ட் அருகே. இரவு விட்டு, காலையில் எடுத்தது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

“அங்கதான் இருக்கா,” என்றான். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

நானும் அந்தத் தாளை முழுக்கப் படித்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அண்ணியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் படித்தேன். படித்து முடித்ததும், யாரோ குளிக்கும் அறைக் கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

நான் வேலை செய்யும் ஊதுபத்தி ஆபீஸ் போனிலிருந்து லேபுக்குக் கூப்பிட்டு அண்ணியிடம் பேசினேன். மேனேஜர் சாப்பிடப் போன நேரம். விஷயத்தைச் சொன்னேன். அழுவாரோ என்று நினைத்தேன்.

“எந்த மாசத்துலேருந்து இருக்கு அந்தத் தாள்ல?” என்று கேட்டார்.

“நவம்பர்லேருந்து, அண்ணி.”

“ஓஹோ. அப்ப நான் வீட்டை விட்டு வந்த முதல் நாள்லேருந்து. சரி. நீ சொன்னேன்னு யாருக்கும் தெரியவேண்டாம். நீ பயப்படாத.”

பயப்படாதே என்று அவர் என்னிடம் சொல்கிறார்!

பிப்ரவரி 22, ஞாயிறு

அண்ணன் நேற்று ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தான். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. வலது கையில் கிரீஸ். அம்மா சோப்பு எடுத்துக் கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

அரை நாள் லீவு போட்டு லேபுக்கே போனேன். அண்ணியின் வண்டி வாசலில் நின்றது. ஹெட்லைட் உடைந்து, ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல், காயம்பட்ட கிடாரி போல.

அண்ணி சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

சனிக்கிழமை காலை லேபுக்குக் கிளம்ப வண்டி எடுக்க வந்தபோது அண்ணன் ஸ்டாண்டு வாசலில் நின்றிருக்கிறான். நான் எச்சரித்திருந்தேனே, அண்ணி வேறு எங்காவது போயிருக்கலாம். போகவில்லை. முதல் நாள் சாயங்காலமே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் லிங்கம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவைத்திருக்கிறார். “ஒளிஞ்சுக்கறதா இருந்தா ஒரு நாளைக்கு ஒளியலாம், மாதேவி. இந்த வருஷம் பூரா ஒளிய முடியுமா?”

வீட்டுக்கு வா என்றிருக்கிறான் அண்ணன். பேசவேண்டியதைக் கோர்ட்டில் பேசலாம் என்று அண்ணி சொன்னாராம். கையைப் பிடிக்க வந்தவன், லிங்கம்மா கன்னடத்தில் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்ததும், வண்டியை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, தூக்கி நிறுத்துனோம். ஸ்டார்ட் ஆச்சு. ஏழு பேருக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும். காத்துட்டிருப்பாங்கல்ல?”

வண்டியை விற்றுவிடுங்கள், பஸ்ஸில் போங்கள் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“தப்பு பண்ணது வண்டியா?”

அப்புறம்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். அண்ணனைப் பற்றி அல்ல. “அந்தத் தாளைக் கொடுத்தவங்க ஆபீஸ் எங்க இருக்கு? உங்க அண்ணன் ஒருத்தன்தான் போய்க் கேட்டிருப்பான்னு நினைக்கறியா?”

மார்ச் 3, செவ்வாய்

அந்த ஆபீசுக்குப் போனோம். சயாஜி ராவ் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல். ஏசி அறை, பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர் இரண்டு, மூலையில் சீட்டு மூட்டைகள். மேனேஜர் நஞ்சுண்டசாமி மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். பேச்சு கன்னடத்தில்தான் நடந்தது. நினைவிருக்கும் வரை தமிழில் எழுதுகிறேன்.

சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டைக் காட்டினார். ரிடையர்டு வாத்தியார் ஒருவரின் ஸ்கூட்டர் திருட்டுப்போய், இவர்கள் ஹுணசூரில் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் வாத்தியார் ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். நஞ்சுண்டசாமியின் கண்ணில் உண்மையான பெருமை. நல்ல காரியம் என்று எனக்கும் தோன்றியது.

அண்ணியும் அதைத்தான் சொன்னார். “நல்ல காரியம் சார். ஆனா அதுக்குக் காணாமப் போன வண்டியோட நம்பர் போதுமே. அது வருதான்னு மட்டும் பாருங்க. காணாமப் போகாத எங்க வண்டியெல்லாம் எதுக்கு எழுதி வெக்கறீங்க?”

“நாளைக்கு உங்க வண்டியும் காணாமப் போகலாமே மேடம்.” சிரித்தார். “அதோட, நம்பர் பிளேட் ரோட்டுல எல்லாரும் பாக்கத்தானே மாட்டியிருக்கு? அதுல என்ன ரகசியம்?”

“என் முகத்தையும்தான் ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க. அதுக்காக ஒருத்தர் மாசக்கணக்கா என் பின்னாடியே வந்து, நான் போன இடமெல்லாம் எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் வித்தா? அதையும் சேவைன்னு சொல்வீங்களா?”

அவர் காபி டம்ளரை எங்கள் பக்கம் நகர்த்தினார். காபி ஆறுகிறது என்றார்.

அப்போது அண்ணி பர்ஸைத் திறந்தார். “என் வண்டி எங்கெல்லாம் நின்னுதுன்னு எனக்கு வேணும். எல்லாருக்கும் கொடுக்கற மாதிரி எனக்கும் கொடுங்க.” ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நம்பரைத் தட்டினான். பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று இழுக்க ஆரம்பித்தது.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணி கேட்டார்: “சார், உங்க வண்டி நம்பர் என்ன?”

நஞ்சுண்டசாமி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவருடைய கை மேசைமேல் இருந்த சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தனக்கே தெரியாமல்.

“பயப்படாதீங்க, கேக்க மாட்டேன்,” என்றார் அண்ணி. “கேட்டா எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்ன வித்தியாசம்?”

நான் ஓடாத குறையாகப் படி இறங்கினேன். அண்ணியோ துணிக்கடை வாசலில் தொங்கிய புடவையைப் பிடித்துப் பார்த்து, சாயம் போகுமா என்று கடைக்காரரிடம் விசாரித்தார். இவர் எதனால் செய்த மனுஷி?

மார்ச் 4, புதன்

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதவேண்டும்.

நேற்று அந்தத் தாளோடு ஒரு ஓட்டலில் உட்கார்ந்து மசால் தோசைக்குச் சொல்லிவிட்டு வரிவரியாகப் பார்த்தோம். “இது பாரு, சுகர் டாக்டர். எனக்குச் சுகர் வந்திருக்கு, உன்கிட்டகூடச் சொல்லலை. இது வக்கீல். இது மேல்கோட்டை பஸ் ஏற வண்டிய விட்டது, அப்பா திதிக்கு.” தன் வாழ்க்கையைத் தானே இன்னொருத்தர் கணக்கிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரல் நின்றது.

ஜனவரியில் மூன்று இரவுகள். மைசூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜின் ஸ்டாண்டு. இரவு விட்டு, காலையில் எடுத்தது.

“நான் அங்க போனதே இல்லை,” என்றார்.

நல்லவேளை, அதே மூன்று இரவுகளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் ஸ்டாண்டும் இருக்கிறது. ஒரே வண்டி எப்படி இரண்டு ஊரில் தூங்கும்? யாரோ அவசரத்தில் ஒன்றை ஏழு மாதிரியோ, ஏழை ஒன்று மாதிரியோ எழுதியிருக்கிறார்கள். வேறு யாருடைய வண்டியோ அண்ணியின் பெயரில் ஏறிவிட்டது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? அண்ணன் கையில் இருக்கும் தாளிலும் இந்த மூன்று வரி இருக்குமே! அன்றைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கவனித்திருக்கமாட்டான். நானும்தான் கவனிக்கவில்லை.

தோசை வந்தது. அண்ணி முழுவதும் சாப்பிட்டார். நான் பாதிதான்.

மார்ச் 15, ஞாயிறு

கவனித்துவிட்டான்.

கொள்ளேகாலத்திலிருந்து மாமா, அத்தை வந்திருந்தார்கள். அண்ணன் தாளை விரித்தான். முழுத் தாள் இல்லை. வெட்டியிருந்தான். லாட்ஜ் வரிகள் மட்டும். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். மாமா, “சரி புடு, விட்டுத் தொலை, கோர்ட்டுலயும் இதையே காட்டு” என்றார்.

“அதே ராத்திரி ஸ்ரீரங்கப்பட்டணத்துலயும் இருக்கே, அதைக் காட்டு” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாவும் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவனுக்கே தெரியும், அது பொய்யென்று. தெரிந்துதான் வெட்டியிருக்கிறான். கெட்டவன் இல்லை என்று அன்றைக்கு எழுதினேனே. அந்த வரியை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்

நான் ஏன் வாயை மூடினேன்?

ஏப்ரல் 9, வியாழன்

ஸ்டாண்டுகளின் குத்தகை இந்த மாதம் முடிகிறதாம். புதுப்பிக்கும் முன்பு பொதுமக்கள் கூட்டத்தில் வந்து ஆட்சேபணை சொல்லலாம் என்று பேப்பரில் மாநகராட்சி விளம்பரம். பெரிய எழுத்தில் பட்டுப்புடவை தள்ளுபடி, அதற்கடியில் பொடி எழுத்தில் இது. அண்ணிதான் பார்த்திருக்கிறார். போய்ப் பேசப்போகிறாராம்.

“என்ன பேசுவீங்க, அண்ணி?”

“என் தாளைப் படிப்பேன்.”

“லாட்ஜையுமா?”

“அதைத்தான் முக்கியமா.”

சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசும் அதே விஷயத்தை, மைக்கில், ஊர் நடுவில், தானே படிப்பாராம். வேண்டாம் என்று மன்றாடினேன். அவர் டியூப்களில் லேபிள் ஒட்டிக்கொண்டே சொன்னார்: “உங்க அண்ணன் கையில இருக்கற வரைக்கும் அது என்மேல கத்தி. நானே படிச்சுட்டா வெறும் தாள்.”

என்னை வா என்று கூப்பிடவில்லை. தேதியை மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 16, வியாழன்

ஆய்த்து. நடந்துவிட்டது. நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன்.

மாநகராட்சி ஹாலில் அறுபது எழுபது பேர் இருக்கும். பாதிப்பேர் பெட்டிக்கடைக்காரர்கள், ஸ்டாண்டு தங்கள் கடையை மறைக்கிறது என்று சொல்ல வந்தவர்கள். மேடையில் கேசவமூர்த்தி என்ற அதிகாரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முன் வரிசையில் நஞ்சுண்டசாமி. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால். அண்ணன் வரவில்லை.

அண்ணியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டுடனேயே வந்திருந்தார். தாளை விரித்தார், அது தரையைத் தொட்டது. முன்னுரை எதுவும் இல்லை. படிக்க ஆரம்பித்தார். தேதி, இடம். தேதி, இடம். “இங்கே என் சர்க்கரை வியாதிக்கு டாக்டரைப் பார்த்தேன். இங்கே விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்தேன்.” ஹாலில் கசமுசாவென்று பேச்சு. மேடையில் இருந்தவர், “அம்மா, இதெல்லாம் உங்க சொந்த விஷயம், இங்க எதுக்கு?” என்றார்.

“அதைத்தான் நானும் கேக்கறேன் சார். என் சொந்த விஷயம் கடையில எதுக்கு விக்குது?”

அப்புறம் லாட்ஜைப் படித்தார். மூன்று இரவுகளையும். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. இன்னொன்று. என் காது கொதித்தது. அண்ணி நிறுத்தினார். சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தார். குனியவில்லை. ஹாலைப் பார்த்துக்கொண்டே நின்றார் — அந்த முகத்தை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

“இப்ப அதே மூணு ராத்திரிக்கு அடுத்த வரியைப் படிக்கறேன்.” ஸ்ரீரங்கப்பட்டணம். ஸ்ரீரங்கப்பட்டணம். ஸ்ரீரங்கப்பட்டணம். “ஒரு வண்டி ரெண்டு ஊர்ல ராத்தங்கியிருக்கு. எது பொய்னு வித்தவங்களுக்குத் தெரியாது. வாங்கினவர் தனக்குப் பிடிச்ச வரியை வெட்டி எடுத்துக்கிட்டார். இப்ப என் சொந்தக்காரங்க எல்லாரும் அந்த வரியைப் படிச்சாச்சு. உங்க வீட்டுப் பொண்ணோட வண்டி, உங்க வண்டி, எந்த லாட்ஜ்ல நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

சிரித்த மூலையிலிருந்து ஒரு ஆள் எழுந்தார், பெரிய மீசை, ஜவுளிக்கடைக்காரர் போல. “சார், என் நம்பரும் அதுல இருக்கா?” என்று கேட்டார். இன்னொருவர், “என்னுது?” என்றார். அப்புறம் எல்லோரும்.

நஞ்சுண்டசாமி எழுந்தார். அமைதியாகத்தான் பேசினார். தகவல் வெளியாருக்குப் போகவே இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி, போலீஸ், வண்டிச் சொந்தக்காரர், இவ்வளவு பேருக்கு மட்டும்தான். இந்த மேடமே உரிமையாளராக வந்து வாங்கியதுதான் இந்தத் தாள். வேறு யாருக்காவது கொடுத்ததற்குச் சாட்சி உண்டா?

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்திருப்பது அவருக்குத் தெரியும், உள்ளே வரும்போதே பார்த்தார். திரும்பியிருந்தால் நான் எழுந்திருப்பேனோ என்னவோ. கட்டாயத்துக்கு எழுந்தது போல இருந்திருக்கும். திரும்பவே இல்லை.

எழுந்தேன். கன்னடத்தில்தான் பேசினேன், குரல் என்னுடையது மாதிரியே இல்லை. “என் பேர் மாதேவி. இவங்க நாத்தனார். தாளை வாங்கினவர் என் அண்ணன். வண்டி அவர் பேர்ல இல்லை. யாருன்னு ஒருத்தரும் கேக்கலை. வாங்கிட்டு வந்து எங்க வீட்டுக் கூடத்துல விரிச்சார். நான் பார்த்தேன். முழுசா இருந்தப்பவும் பார்த்தேன், வெட்டினதுக்கப்புறமும் பார்த்தேன்.”

உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்று சரியாகத் தெரியவில்லை. மேடையில் இருந்தவர் எழுதிக்கொண்டார். யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்தார். நன்றி, கின்றி ஒன்றும் இல்லை. “ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு கை? வா, சூடா ஏதாவது குடிக்கலாம்.”

ஏப்ரல் 17, வெள்ளி

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது.

அண்ணன் கத்தவில்லை. நாற்காலியைப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான். “எத்தனை நாளா அவகூடப் பேசற? எங்க பாத்தீங்க? எத்தனை மணிக்கு? எந்த ஓட்டல்ல? ஆபீஸ்ல லீவு போட்டியா, எந்தத் தேதி?”

ஒவ்வொன்றாகக் கேட்டான். பொறுமையாக. அவன் எதிரே அண்ணி மூன்று வருஷம் இப்படி உட்கார்ந்திருக்கிறார், அடுத்த அறையில் நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“என்னது?”

“எங்க போனேன், எப்ப போனேன்னு உன்கிட்டச் சொல்ல மாட்டேன், அண்ணா. தப்பு பண்ணதால இல்லை. அது என்னுது.”

கையை ஓங்கினான். அம்மா நடுவில் வரவில்லை. ஆனால் சமையலறையிலிருந்து, “உதயா” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கை இறங்கியது.

சாயங்காலம் பார்த்தால் என் புடவை, சுடிதாரெல்லாம் மடித்து ஒரு பையில். அம்மாதான் வைத்திருக்கிறாள். “கொஞ்ச நாளு அவகோட இரு, சாமி,” என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 18, சனி

ஸ்ரீரங்கப்பட்டணம். இங்கே சந்து முழுக்கப் படிக்கட்டு, வண்டி ஏறாது. அண்ணி எனக்காகப் பாயை ஜன்னல் பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் சுவரோரம் படுத்துக்கொண்டார். சண்டைக்கு எழுந்தேன், ஜெயிக்கவில்லை.

ஜூன் 10, புதன்

ஸ்டாண்டுகள் ஹெஜ்ஜெ கம்பெனிக்கே திரும்பப் போயின. கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் குத்தகையில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள்: வண்டியை எடுத்ததும் சீட்டையும் அடிக்கட்டையையும் அங்கேயே கிழித்துப் போடவேண்டும். திருட்டுப்போன வண்டிகளின் நம்பர் மட்டும் போலீஸ் தந்தால் ஸ்டாண்டில் ஒட்டிவைத்துப் பார்க்கலாம். அண்ணி அன்றைக்கு ஏசி அறையில் சொன்னதேதான், ஏறக்குறைய அதே வார்த்தை!

“பழசெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே, அண்ணி?”

“இருக்கும். அழிச்சோம்னு சொல்வாங்க. நாம போய்ப் பாக்கவா முடியும்?” கொஞ்சம் யோசித்தார். “பெட்ரோல் பங்க்லயும் நம்பர் எழுதறாங்க, கவனிச்சியா? எதுக்குன்னு நாளைக்குக் கேக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்பார். பங்க்காரர் பாவம்.

ஜூலை 14, செவ்வாய்

கோர்ட்டில் அண்ணன் வக்கீல் அந்த வெட்டிய தாளை எடுக்கவே இல்லையாம். ஊரே இரண்டு வரியையும் சேர்த்துக் கேட்டுவிட்ட பிறகு எடுத்து என்ன பயன்? ஆறு மாதத்தில் தீர்ப்பு வரலாம் என்கிறார்கள். அண்ணி வண்டிக்குப் புது ஹெட்லைட் போட்டார்.

அண்ணன் மெலிந்திருந்தான். கோர்ட் வராந்தாவில் என்னைக் கடந்து போனான். கூப்பிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அம்மா. தனியாக. மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு, இன்னொரு கையில் செருப்பு. படிக்கட்டு வழுக்கும் என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாளாம்.

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. அண்ணன் பின்னால் நிற்கிறானோ என்று சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு நாய், அவ்வளவுதான்.

“எப்படிம்மா இடம் தெரிஞ்சுது?”

“அவதான் போன் பண்ணி வழி சொன்னா. பஸ்ஸு இறங்கி யாரைக் கேக்கோணும், எங்க திரும்போணும்னு எல்லாம்.” அம்மா அண்ணியைக் காட்டினாள். அண்ணி அடுப்படியில் நின்று, எதுவும் தெரியாதவர் போலக் காபிப்பொடி டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய முகவரியை, அண்ணனைப் பெற்றவளிடம் தானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷியை என்னால் என்றைக்காவது முழுசாகப் புரிந்துகொள்ள முடியுமா?

மூவரும் கீரை ஆய்ந்தோம். அம்மா விலைவாசி பேசினாள், கொள்ளேகாலத்து மாமாவின் முழங்கால் வலி பேசினாள். அண்ணி சர்க்கரை இல்லாத காபியைக் குடிப்பதைப் பார்த்து, “எப்பிருந்து?” என்றாள். அண்ணி சொன்னார். அம்மா அவர் முழங்கையைத் தொட்டுவிட்டு மறுபடி கீரைக்குத் திரும்பினாள். அண்ணன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “அண்ணன்கிட்ட என்ன சொல்லிட்டு வந்த?”

இந்த அம்மா, அடுத்த தெருவுக்குப் பால் வாங்கப் போனாலும் அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறவள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எங்க போறேன்னு கேட்டான்,” என்றாள். “போயிட்டு வாரேன்னு சொன்னேன்.”